தோட்டத்து மனையும் தொலைக்காட்சி உரிமமும்

மும்பையிலும் தில்லியிலும் பல்லாண்டு உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற நம் சங்கத்து முதியோர், பிள்ளைகளோடு இருக்கலாமென்று இங்கிலாந்து செல்வது இப்பொழுது புதுமையன்று. பெற்றோருக்கென்று தோட்டத்தின் ஓரத்தில் சிறு மனையொன்று எழுப்பித் தரும் பிள்ளைகளும் அங்கே உண்டு. தனி வாயில், தனி அடுக்களை, தனிக் குளியலறை என எல்லாம் அதில் அமைந்திருக்கும். ஒரே நிலம், ஒரே குடும்பம்; ஆகவே பெரிய வீட்டுத் தொலைக்காட்சி உரிமமே தமக்கும் செல்லுமென்று முதியோர் எண்ணிவிடுகின்றனர். அது செல்லாது.

அந்நாட்டில் உரிமம் பெட்டிக்கன்று, வசிப்பிடத்துக்கு. தாயார் மகன் வீட்டு மாடியறையில் தங்கியிருக்கும்வரை மகனுடைய உரிமம் அவருக்கும் போதும். அவரே எல்லா வசதியும் அமைந்த தனி மனைக்குக் குடிபெயர்ந்துவிட்டால், அதற்கு வேறோர் உரிமம் வேண்டும். அடுப்பு ஒன்றானால் குடும்பம் ஒன்று என்பது நம்மவர் கணக்கு. அவர்கள் கணக்கோ சுவரையும் கதவையும் பார்க்கிறது!

கட்டணமும் சிறிதன்று. 2025 ஏப்ரலில் அது ஆண்டுக்கு 174.50 பவுனாக உயர்த்தப்பட்டது. உரிமமின்றிப் பார்ப்பது 2003ஆம் ஆண்டுத் தகவல் தொடர்புச் சட்டப்படி குற்றம். அபராதம் 1,000 பவுன் வரை விதிக்கப்படலாம். வழக்கு எழுந்தால் நிலத்துக்குரிய மகன்மீதன்று, பார்த்தவர்மீதே எழும். வயோதிகத் தாயார் அயல்நாட்டு நீதிமன்றத்துக்கு விடை கூற நேர்வது எத்துணை இடர் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பெட்டியே வாங்கவில்லை, கைக்கணினியில் சென்னைச் செய்திதானே பார்க்கிறோம் என்பாரும் உளர். எந்த நாட்டுத் தொலைக்காட்சியாயினும், எந்தக் கருவியிலாயினும், ஒளிபரப்பாகும் பொழுதிலேயே பார்த்தால் உரிமம் வேண்டும். பி.பி.சி.யின் ஐபிளேயர் சேவைக்கு 2016 செப்டம்பர் முதல் எப்பொழுது பார்த்தாலும் வேண்டும். பழைய திரைப்படத்தைப் பிற இணையச் சேவைகளில் விரும்பிய வேளையில் போட்டுப் பார்ப்பதற்கு வேண்டுவதில்லை. அஞ்சலகத்தில் உரிமப் புத்தகத்தை நீட்டி, 15 ரூபாய் கட்டி வானொலி கேட்ட நம் முதியோருக்கு இம்முறை முற்றிலும் புதிதன்று. நம் நாட்டில் அவ்வழக்கம் 1980களிலேயே ஒழிந்தது.

எழுபத்தைந்து வயதானால் இலவசம் என்னும் செவிவழிச் செய்தியையும் நம்பிவிடலாகாது. 2020 ஆகஸ்டு முதல், பென்ஷன் கிரெடிட் என்னும் அரசு உதவி பெறும் முதியோர் இல்லங்களுக்கே அச்சலுகை. அரசு உதவி பெறலாகாது என்னும் நிபந்தனையோடு விசா பெற்றவருக்கு அவ்வழி அடைபட்டதே. பார்வையற்றோருக்குப் பாதிக் கட்டணம் உண்டு.

நேரலையும் ஐபிளேயரும் பார்க்காதவர், உரிமம் தேவையில்லையென்று அறிவித்துவிடலாம். சரிபார்க்க அலுவலர் வந்து கதவைத் தட்டினாலும் அஞ்ச வேண்டாம். நீதிமன்ற ஆணையின்றி, இருப்பவர் இசைவில்லாமல், உள்ளே நுழைய அவருக்கு அதிகாரமில்லை. உரிமம் எடுப்போர் கட்டணத்தை ஒரே முறையில் செலுத்த இயலாவிடின், மாதத் தவணையாகவும் செலுத்தலாம்.