பாறைப் பாசியின் வெள்ளை மயிர்

பசுமலைக்கு அப்பெயர் வாய்த்தது பசுமையினால் அன்று. சமணர் ஏவிய மாயப் பசு மதுரையை அழிக்க வந்து மலையாய்ச் சமைந்தது என்பது திருவிளையாடற் கதை. சித்திரை வெயிலில் அந்தப் பாறையைக் கண்டவர்களுக்குக் கதையே பொருத்தமாகத் தோன்றும்!

அவ்வெயிலுக்கு அஞ்சி, சுமார் 7,000 அடி உயரத்திலுள்ள கோடைக்கானலுக்கு ஓடும் நம்மவர்கள் ஏரியைச் சுற்றிவிட்டுத் திரும்புகிறார்கள். அங்கே பாறைகளின்மேல் கரும்பச்சையாய்க் கொத்துக் கொத்தாய் நிற்கும் பாசியைக் குனிந்து பார்ப்பவர் மிகச் சிலர். நம் பாஷையோ குளத்தில் மிதப்பதையும், கிணற்றுப் படியில் வழுக்குவதையும், பாறையில் முளைப்பதையும் 'பாசி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. மூன்றாவதற்குத் தண்டும் இலையும் உண்டு. உண்மையான வேர்தான் இல்லை.

செண்பகனூரில் வாழ்ந்த போரோ பாதிரியார் என்னும் பிரெஞ்சுக்காரர் இவற்றைப் பல்லாண்டு சேகரித்து, பழனி மலைப் பாசிகளின் ஜாபிதாவை 1961-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார். ஜாபிதா என்றால் எளிய காரியம் என்று எண்ண வேண்டாம். ஓர் உதாரணம் சொல்லுவோம்.

நம் உயர்ந்த மலைகளின் பாறைகளில் வளரும் ஒரு பாசிக்குக் காம்பிலோபஸ் பிலிபர் என்று பெயர். இலை நுனியில் வெள்ளை மயிர் உண்டு. பிலிபர் என்றால் மயிருடையது என்றே பொருள். இதற்கு இன்ட்ரோபிளெக்சஸ் என்று ஒரு பங்காளி உண்டு. அது பூமியின் தென்பாதியைச் சேர்ந்தது. 1941-இல் இங்கிலாந்தில் காணப்பட்டு, பின்னர் ஐரோப்பாவின் மணல் மேடுகளில் பரவி, அங்குள்ள செடிகளை நெருக்கி வருகிறது. பழைய நூல்கள் இவ்விரண்டையும் ஒன்றாகவே குழப்பின. சாதுவான உள்ளூர்வாசியை அந்நியப் படையெடுப்பாளன் என்று பதிவு செய்துவிட்டால், எந்த மலையைக் காப்பது, எதைக் களைவது என்ற கணக்கே தலைகீழாகிவிடுமல்லவா?

1978-இல் கிராட்ஸ்டீன், சிப்மான் என்ற இருவர் வழக்கைத் தீர்த்தனர். காய்ந்த இலையைப் பூதக்கண்ணாடியால் பார்த்தால், பிலிபரின் மயிர் நேராக நிற்கும். மற்றதன் மயிர் செங்கோணமாய் மடிந்து நக்ஷத்திரம் போல் விரியும். ஆனால் ஈரத்தில் மயிரை நம்புவதற்கில்லை. சவரக்கத்தியால் இலையைக் குறுக்கே மெல்லச் சீவி, நடுநரம்பின் முதுகை நுண்பெருக்கியில் காண வேண்டும். அங்கே வரப்புகள் போன்ற சிறு மேடுகள் உண்டு. பிலிபரில் அவை மூன்று நான்கு உயிரணு உயரம். மற்றதில் பெரும்பாலும் இரண்டுதான். சாட்சி இதுவே.

இத்தகைய ஆராய்ச்சிக்கு ஒரு சிட்டிகைப் பாசி போதும். பாறையையே சுரண்டும் பேராசை கூடாது. காகிதப் பொட்டலத்தில் மடித்து, இடம், உயரம், தேதி ஆகியவற்றை எழுதி வைத்தால் பல ஆண்டுகளுக்குக் கெடாது. பேரன் காலத்தில் அதன்மேல் ஒரு துளி நீர் விட்டாலும் சுருண்ட இலைகள் மீண்டும் விரிந்து கொடுக்கும்.