மௌனம் சம்மதமன்று

மகளிர் சுய உதவிக் குழுக்கள் நம் ஊர்களுக்குப் புதியவை அல்ல. 1989-ஆம் ஆண்டில், பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் தமிழக அரசு தொடங்கிய பணி, பின்னர் மாநிலம் எங்கும் பரவிற்று. 1992-இல் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தை நபார்டு வங்கி வகுத்தது. 12 முதல் 20 பெண்கள் கூடிச் சேமிப்பதும், அச்சேமிப்பிலிருந்து தமக்குள் கடன் வழங்கிக்கொள்வதும், பின்னர் வங்கிக் கடன் பெறுவதும் நாம் நன்கு அறிந்தவையே.

இக்குழுக்களில் ஒருவர் விலக, அவ்விடத்தில் புதியவர் ஒருவர் சேர்வதுண்டு. அண்மையில் மணமாகி வந்த மருமகளாகவோ, பிழைப்புத் தேடி வேற்றூரிலிருந்து குடிவந்தவராகவோ அவர் இருக்கலாம். கூட்டத்திற்குத் தவறாது வருவார். பாயின் ஓரத்தில் அமர்வார். சேமிப்புப் பணத்தைக் கொடுத்துக் கையொப்பமிட்டு எழுந்து செல்வார். வாய் திறப்பதில்லை. "அடக்கமான பெண்" என்று பாராட்டி நாமும் விட்டுவிடுகிறோம்.

இப்பாராட்டில் ஓர் ஆபத்து மறைந்துள்ளது. வங்கிக் கடன் குழுவின் பெயரால் வழங்கப்படுகிறது; அதைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பும் குழுவினுடையதே. 15 பேர் கொண்ட ஒரு குழு 3 இலட்சம் ரூபாய் பெற்று, ஆளுக்கு 20,000 ரூபாயாகப் பகிர்ந்துகொள்வதாக வைத்துக்கொள்வோம். இருவர் தவணை கட்டத் தவறினால், அச்சுமை எஞ்சிய 13 பேரின் தோளிலும் ஏறும். எதற்காக, எவ்வளவு, எத்தனை மாதம் என்று கேளாமலே தீர்மானப் புத்தகத்தில் கையொப்பமிட்டவரும் அவர்களுள் ஒருவரன்றோ? மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பர். கடன் தீர்மானத்தில் அம்முதுமொழியை நம்புதல் தகாது. அம்மௌனத்தினுள் அச்சம் இருக்கலாம், ஐயமும் இருக்கலாம்.

அவ்வாறாயின் நாம் செய்ய வேண்டுவது யாது? "ஏன் பேசாமலே இருக்கிறாய்?" என்று பலர் முன்னிலையில் கேட்பது நாவை மேலும் கட்டிப்போடும். வேறு எளிய வழிகள் உள்ளன.

முதலாவதாக, இன்னார் மருமகள், இன்னார் மனைவி என்னாது, அவருக்குரிய பெயரால் அழைப்போம்.

இரண்டாவதாக, கருத்துக் கேட்குமுன் ஒரு சிறு வேலையைக் கொடுப்போம். அன்றைய சேமிப்பை எண்ணித் தொகையை உரக்கச் சொல்லட்டும். கூட்டத்தில் தம் குரலைத் தாமே கேட்டுப் பழகியவருக்கு அடுத்த சொல் அத்துணை அரிதன்று.

மூன்றாவதாக, பேசப்போகும் பொருளை முன்னாளிலேயே அவருக்குத் தெரிவிப்போம். தண்ணீர்க் குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் இரண்டு வார்த்தைகள் போதும். கூட்டத்தில் ஊக்குநரும் மூத்தவர்களும் தம் கருத்தை இறுதியில் கூறட்டும். அவர்கள் முந்திக்கொண்டால் மற்றவர்க்குத் தலையசைப்பதே வேலையாகிவிடும். "நீ என்னம்மா நினைக்கிறாய்?" என்று கேட்டபின் சற்றுப் பொறுத்திருப்போம். அதே குழுவில் இருக்கும் மாமியாரோ நாத்தனாரோ அவருக்காக விடை பகர வேண்டா. "அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன்" என்றால் அதையும் ஏற்றுக்கொள்வோம்.

இவற்றினும் கடினமானது ஒன்றுண்டு. பல வாரம் பேசாதிருந்தவர் முதன்முதலாக வாய் திறந்து, "பழைய கடன் கணக்கைப் பார்க்கலாமா, அக்கா?" என்று கேட்கக்கூடும். "நேற்று வந்தவளுக்கு இது எதற்கு?" என்னும் முணுமுணுப்பு ஓரிரு வாய்களிலாவது எழும். அப்பொழுது சினம் கொள்ளாது, பதிவேட்டை எடுத்து அவர் மடியில் வைத்து, வரி வரியாக விளக்கிச் சொல்ல வேண்டும். அன்று அவரை அடக்கிவிட்டால் அவர் மறுமுறை பேசமாட்டார். அதனைக் கண்ட பிறரும் பேசமாட்டார். கணக்கில் நேரும் பிழையைச் சுட்டிக்காட்டப் பின்னர் எவரும் இரார்.

இம்மாதக் கூட்டத்திற்குச் செல்லும் சகோதரிகள், பாயின் ஓரத்தில் இருப்பவர் யாரென்று முதலில் பார்ப்பார்களாக. அவருக்குத் தம் அருகே சிறிது இடம் விட்டு, அன்றைய பணத்தை எண்ணும் பொறுப்பை அவர் கையில் கொடுப்பார்களாக.