மிக்ஸிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்போருக்கு

பல்கலைக்கழக விடுதிகளில் இசைக்குழு நடத்தும் மாணவர்களிடையே ஒரு மந்திரம் புழங்குகிறது: "இப்போதைக்கு வாசித்து வை, மிக்ஸிங்கில் பார்த்துக்கொள்ளலாம்." பாடுபவரிடம் இதை எவரும் சொல்வதில்லை. லீட் கிட்டாருக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் செலவாகிறது. பேஸ் கிட்டாரின் முறை வரும்போது இரவு பதினொன்றரை ஆகியிருக்கும், எல்லோரும் களைத்திருப்பார்கள். அப்போது இம்மந்திரம் ஓதப்படும். இணையத்தில் பாட்டு ஏறிய பின்பு பேஸ் ஒன்று காதுக்கே எட்டாது, அல்லது மூடிய கதவுக்குப் பின்னால் ஓடும் மாவு அரைவைபோல உறுமும். உடனே பழி கருவியின் மேல் விழும். அங்கிருந்து நேரே பிளக்இன் கடைக்குப் போகும். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் உதவித்தொகை பெறாத முனைவர் பட்ட மாணவருக்குக் கிடைப்பது மாதம் ₹8,000. அந்தப் பணத்தில் பிடித்தம் செய்து, பழம்பெரும் ஆம்ப்ளிஃபயரின் படம் வரைந்த மென்பொருள் ஒன்று வாங்கப்படும். தந்திகளோ மூன்று ஆண்டுகளாக மாற்றப்படாமல் துருவேறிக் கிடக்கும்.

நல்ல பேஸ் ஒலி விலைக்கு வருவதன்று. பதிவுப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே, விரலிலும் தந்தியிலும் அதன் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. இதை ஏற்க மறுப்போர் கூட்டத்தில் மொழியியல் மாணவர்களும் இருப்பதுதான் வியப்பு. களப்பணிக்குப் போகிறவருக்கு முதலில் கற்பிக்கப்படுவது என்ன? ஒலிவாங்கியைப் பேசுபவரின் வாயருகே வை. சுருக்கப்படாத கோப்பாகப் பதிவு செய். இரைச்சலைப் பிறகு மென்பொருளால் நீக்கிக்கொள்ளலாம் என்று நம்பாதே. சொல்லிறுதியில் மங்கிப்போன ஓர் உயிரொலியை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது என்பதை அவர் நன்கறிவார். அதே மாணவர் விடுதிக்குத் திரும்பி பேஸைக் கையிலெடுத்ததும் அந்த அறிவு முழுவதையும் செருப்போடு வாசலில் கழற்றி விட்டுவிடுகிறார்.

குன்னார் ஃபான்ட் 1960இல் நூலாக்கிய மூலம்–வடிப்பான் கோட்பாட்டை எழுதாமல் ஒலியியல் தேர்வில் எவரும் தேறியிருக்க முடியாது. குரல்மடல்கள் எழுப்பும் ஒலியில் மேற்சுரங்கள் வரிசையாக நிற்கின்றன. வாய்க்குழி அவற்றுள் சிலவற்றை உயர்த்துகிறது, சிலவற்றை அடக்குகிறது. மூலத்தில் இல்லாத ஒன்றை வடிப்பான் படைப்பதில்லை. ஈக்வலைசர் என்பதும் ஒரு வடிப்பான்தான். தந்தியை அதன் சரிநடுவில் மீட்டினால் இரட்டைப்படை மேற்சுரங்கள் எழுவதே இல்லை. நான்கில் ஒரு பங்கு நீளத்தில் மீட்டினால், அடிப்படையை ஒன்றாக எண்ணி, நான்காவதும் எட்டாவதும் எழுவதில்லை. வழக்கமான பேஸில் தந்தியின் நீளம் 34 அங்குலம். அதில் விரல் மூன்று நான்கு அங்குலம் பிரிட்ஜை நோக்கி நகர்ந்தால் ஒலியின் கட்டமைப்பே மாறுகிறது. ஃபிரெட் பலகையின் மேல் மெத்தென்று மீட்டிவிட்டு, "தெளிவு போதவில்லை" என்று ஈக்வலைசரில் 1,000 ஹெர்ட்ஸை உயர்த்துகிறவர் வெற்றுப் பாத்திரத்தைச் சுரண்டுகிறார். வருவது விரலுரசலும் இரைச்சலுமே. ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் கருவிகள் மட்டும் புதிய மேற்சுரங்களை உண்டாக்கும். அளவோடு சேர்த்தால் அவை பேஸுக்கு நன்மையே செய்யும். ஆனால் அவை வந்ததையெல்லாம் பெருக்கும், அடக்கப்படாமல் பக்கத்தில் முனகும் தந்தியையும் சேர்த்து. அந்தத் தந்தியை இடக்கையாலோ வலக்கைக் கட்டைவிரலாலோ அடக்குவதற்குக் காசு ஆகாது.

அடுத்த மூடநம்பிக்கை, பேஸ் கேட்க வேண்டுமென்றால் அடிப்பகுதியை ஏற்ற வேண்டும் என்பது. தாழ்ந்த ஈ தந்தி 41.2 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. பாட்டைக் கேட்கப்போகும் சக மாணவரின் கைபேசி ஒலிபெருக்கி அந்த அதிர்வெண்ணின் பக்கம்கூடப் போகாது. ஆயினும் சுரம் கேட்கத்தான் செய்கிறது. இதற்கான விடையும் ஒலியியல் பாடத்திலேயே இருக்கிறது. பழைய தொலைபேசி ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையே கடத்தியது. ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண்ணோ 120 ஹெர்ட்ஸை ஒட்டியது. ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய அப்பாவின் குரல் அதனால் கீச்சுக்குரலாகிவிடவில்லை. மேற்சுரங்களுக்கு இடையிலுள்ள இடைவெளியைக் கொண்டு செவியும் மூளையும் இல்லாத அடிப்படையைக் கட்டியெழுப்பிக்கொள்கின்றன. கைபேசியில் பேஸைச் சுமந்து செல்வனவும் 200 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள மேற்சுரங்களே. 40 ஹெர்ட்ஸை ஏற்றுகிறவர், கேட்காத ஒலியால் பதிவின் கொள்ளளவை நிரப்பி, கேட்கக்கூடிய அனைத்தையும் தாழ்த்துகிறார்.

கேட்டு முடிவெடுக்கும் அறையும் பொய் சொல்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் நீளவாக்கில் 47 ஹெர்ட்ஸுக்கு அருகிலும் அகலவாக்கில் 57 ஹெர்ட்ஸுக்கு அருகிலும் ஒத்ததிர்வு எழும். சில சுரங்கள் அங்கே வீங்கும், வேறு சில ஓடி ஒளியும். நாற்காலியை மூன்றடி நகர்த்தினால் கதை மாறும். நேரடியாக இன்டர்ஃபேஸில் செருகிப் பதிவு செய்தபோது அறை பதிவுக்குள் நுழையவே இல்லை. அறையின் குற்றத்திற்குப் பதிவைத் தண்டிக்கும் அந்த ஈக்வலைசர் திருத்தங்கள்தான் மறுநாள் வேறொருவரின் ஹெட்ஃபோனில் பல்லிளிக்கின்றன.

எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டுவது, அமெரிக்கக் காணொளிகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பது. "60 ஹெர்ட்ஸில் வெட்டுங்கள், மின்சார முரல் போய்விடும்" என்கிறார் அங்குள்ளவர். அங்கு மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். இந்தியாவில் 50. இங்கே 60இல் வெட்டுகிறவருக்கு முரல் அப்படியே இருக்கும்; ஏ ஷார்ப்புக்கும் பிக்கும் இடைப்பட்ட இடம் மட்டும் மெலியும். விவரமறிந்து 50இல் வெட்டினாலும் நட்டமே. ஈ தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் இருக்கும் ஜி சுரத்தின் அடிப்படை 49 ஹெர்ட்ஸ். முரலோடு அதுவும் போகும். மடிக்கணினியின் இருமுனை மின்னேற்றிக்கு எர்த் கிடையாது. அதைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் முரலில் பெரும்பகுதி அடங்கிவிடுவதுண்டு. சிங்கிள் காயில் பிக்கப் உள்ள கருவியானால் உட்காரும் திசையைச் சற்றுத் திருப்பினாலே வேறுபாடு தெரியும். மின்விசிறியின் ரெகுலேட்டரும் குற்றவாளிகளில் ஒன்று. மே மாதத்து ஹைதராபாத்தில் மின்விசிறியை நிறுத்தச் சொல்வது கொடுமைதான், ஆனால் ஒரு பாட்டு நான்கு நிமிடம்.

நேரடிப் பதிவில் உயிரில்லை, ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் பேஸ் இல்லை என்று வாதிடுவோர் டெட்ராய்ட்டின் மோடவுன் பதிவுகளைக் கேட்டிருக்க வேண்டும். ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயர் வழியாகச் செல்லாமல் நேரே பதிவு மேசைக்குள் போனது. அவர் தந்தியை மாற்றவே மாட்டார் என்பது புகழ்பெற்ற செய்தி. துருவேறிய தந்திக்காரர்கள் அதைத் தமக்குச் சான்றாகக் காட்டுவதும் உண்டு. அவருடையவை தட்டையான சுற்றுடைய தடித்த தந்திகள். பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஒரு துண்டு ஃபோம். வலக்கையில் ஒற்றைச் சுட்டுவிரல். மங்கலும் அடக்கமும் அவர் தேர்ந்துகொண்டவை. கவனக்குறைவால் மங்கிய தந்தியை அவரோடு ஒப்பிடுவது, மறந்துபோன வரியை மௌனத்தின் அழகியல் என்பதற்கு ஒப்பானது. அந்நிறுவனத்தின் இசைத்தட்டுகளில் நெடுங்காலம் வாத்தியக் கலைஞர் பெயரே அச்சாகவில்லை. மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பில் ஜேமர்சன் பெயர் வந்தது 1971இல்.

அந்தப் புறக்கணிப்பின் எச்சம் விடுதிகளில் இன்னும் வாழ்கிறது. கிட்டார் சரியாக வராதவனிடம் பேஸைக் கொடுப்பது வழக்கம். இளையராஜாவின் பாடல்களில் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டு மணிக்கணக்காக வியக்கும் தமிழ் மாணவர்களே தம் குழுவில் பேஸ் வாசிப்பவருக்கு இரவு பதினொன்றரை மணியை ஒதுக்குகிறார்கள். மிக்ஸிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்பதன் உட்பொருள், உன் வாசிப்பை இப்போது கேட்க எங்களுக்கு நேரமில்லை என்பதே. இதைத் தொழில்நுட்ப அறிவுரையாக வேடமிட்டுச் சொல்வது நேர்மையற்றது.

பேஸுக்கு முதல் மணிநேரத்தைக் கொடுப்பதில் தொடங்கலாம். சுருதி சேர்த்த பின் பன்னிரண்டாம் ஃபிரெட்டிலும் சுருதி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்டர்ஃபேஸில் கருவிக்கான உள்ளீட்டையே தேர்ந்தெடுக்க வேண்டும். லைன் உள்ளீட்டின் குறைந்த மின்மறுப்பு சாதாரண பிக்கப்பின் மேற்பகுதியைத் தின்றுவிடும். 24 பிட்டில் உச்சம் மைனஸ் 10 டெசிபலைச் சுற்றி இருந்தால் போதும், சிவப்பு விளக்கைத் தொட்டுத் திரும்பும் வீரம் தேவையில்லை. எதையும் சேர்க்காத மூலக் கோப்பைக் களப்பதிவுபோலத் தனியே காத்து வைக்க வேண்டும். கம்ப்ரெஸரும் பிறவும் அதன் நகலின் மேல் வேலை செய்யட்டும்.

பிளக்இன் விளம்பரங்களின் "முன்", "பின்" ஒப்பீடுகளில் "பின்" பெரும்பாலும் சற்று உரத்து ஒலிக்கிறது. உரத்தது செவிக்கு நல்லதாகவே படும். இரண்டையும் சம உரப்பில் வைத்துக் கேட்ட பிறகும் வாங்கத் தோன்றினால் வாங்கிக்கொள்ளட்டும். அதற்கு முன், ஒரே சொற்றொடரைப் பிரிட்ஜருகே ஒருமுறையும் ஃபிரெட் பலகையின் மேல் ஒருமுறையும் வாசித்து, ஆய்வேட்டுக்காக ஏற்கெனவே கணினியில் நிறுவப்பட்டிருக்கும் பிராட் மென்பொருளில் இரண்டின் நிறமாலையையும் அருகருகே திறந்து பார்க்கலாம். பிராட் இலவசம்.