அதிகாரியின் மொழியும் அப்பாவின் மொழியும்

கி நோ ட்சுராயுகி என்பவர் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஜப்பானிய அரசவைக் கவிஞர். பேரரசரின் ஆணைப்படி 905-ஆம் ஆண்டை ஒட்டி உருவான ‘கொகின்ஷூ’ தொகுப்பை நான்கு பேர் சேர்ந்து தொகுத்தார்கள். அவர்களில் முதன்மையானவர் இவர்தான். அதிலுள்ள சுமார் 1,100 கவிதைகளில் ஏறக்குறைய நூறு இவர் எழுதியவை.

கவிதையில் இத்தனை புகழ் இருந்தும், உத்தியோகத்தில் பெரிய உயரத்துக்கு அவர் போகவில்லை. 930-இல் ஷிகோகு தீவிலுள்ள தோசாவுக்கு ஆளுநராக அனுப்பப்பட்டார். பதவிக்காலம் முடிந்து தலைநகர் கியோத்தோவுக்குத் திரும்பியபோது வயது அறுபதை ஒட்டி இருக்கும். கடற்கொள்ளையர் பயத்தோடும், காற்றுக்கும் அலைக்கும் காத்திருந்தும், 55 நாள் பயணம். அதைத்தான் ‘தோசா நாட்குறிப்பு’ சொல்கிறது.

அக்காலத்தில் ஆண்கள் நாட்குறிப்பைச் சீன மொழியில் எழுதுவதே வழக்கம். ஜப்பானிய மொழியை எழுதும் கனா எழுத்துக்கு ‘பெண் கை’ என்றே பெயர். ட்சுராயுகியோ, ஒரு பெண் எழுதுவதாகச் சொல்லிக்கொண்டு, கனாவில் எழுதினார். ஏன்?

அது ஒரு இலக்கிய உத்தி, விளையாட்டு என்று சொல்லலாம். நாட்குறிப்பில் கேலியும் குடியும் கூத்தும் நிறைய இருப்பது உண்மைதான். ஆனால் என் அபிப்பிராயம் வேறு. அந்தப் பயணம் முழுக்க ஒரு துக்கம் கூடவே வருகிறது. தோசாவில் இறந்துபோன ஒரு சிறுமி. அவள் ட்சுராயுகியின் மகள் என்றே பலரும் கருதுகிறார்கள். படகில் எல்லோரும் ஊர் திரும்பும் மகிழ்ச்சியில் இருக்க, பெற்றவர்களுக்கு மட்டும் ஒரு ஆள் குறைகிறது. கடைசியில் வீட்டுக்கு வந்தால், பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்த பக்கத்து வீட்டுக்காரர் கவனிக்காமல் விட்டதில் வீடு பாழாகிக் கிடக்கிறது. தோட்டத்தில் புதிதாக முளைத்த சின்னப் பைன் கன்றுகளைப் பார்த்ததும், இந்த வீட்டில் பிறந்து இங்கே திரும்பி வராத அந்தக் குழந்தை நினைவுக்கு வருகிறாள்.

உத்தியோக மொழியில் உத்தரவு எழுதலாம், கணக்கு எழுதலாம். பிள்ளையைப் பறிகொடுத்தவன் அதில் அழ முடியுமா? வீட்டில் பேசும் மொழி அவருக்குத் தேவைப்பட்டது. அதில் எழுத, ஆளுநர் வேடத்தைக் கழற்றிவிட்டுப் பெண்ணாக மாற வேண்டியிருந்தது.

ஓய்வுக்குப் பிறகு எழுத உட்காரும் நம்மில் பலர் பதவியையும் பாராட்டையும்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ட்சுராயுகி தன் ஆளுநர் சாதனை எதையும் அதில் பட்டியல் போடவில்லை. ஆயிரம் ஆண்டு கழித்தும் அதைப் படிக்கிறார்கள் என்றால், அந்தக் குழந்தைக்காகத்தான் என்பேன்.