கூண்டில் இல்லாத எலி

எலி என்றதும் முகத்தைச் சுளிக்க வேண்டாம், தோழர்களே! நம் விடுதிச் சமையற்கட்டில் அரிசி மூட்டையைக் குதறும் பிராணியைப் பற்றியும், ஆராய்ச்சிசாலைக் கூண்டில் அமர்ந்து மீசை துடைக்கும் அதன் வெள்ளை உறவினரைப் பற்றியும் சில சொற்கள் கூற விரும்புகிறேன். இவ்விரண்டையும் ஒன்றென்றே எண்ணிவிட்டோம். நம் நாட்டு விலங்கியல் கல்வி வழி தவறியது அங்கேதான் என்பது என் கருத்து.

வெள்ளை எலியை நான் இகழவில்லை. நாள்தோறும் காலையில் அவற்றுக்குத் தீனி வைத்து எடை பார்ப்பவன் நான். இகழ்ந்தால் நன்றி கெட்டவனாவேன். 1913-இல் அமெரிக்காவில் மெக்காலமும் மார்கரீட் டேவிஸும் வைட்டமின் ஏ என்ற ஒன்று உண்டென்று கண்டது எலிக்கு உணவூட்டிப் பார்த்தே. எலியின் மூளையில் இன்ன இடத்தில் நிற்கிறோம் என்று உணர்த்தும் நரம்பணுக்கள் இருப்பதை 1971-இல் ஜான் ஓகீஃப் கண்டார். 2014-இல் அதற்காக நோபெல் பரிசிலும் பங்கு பெற்றார். 2011-இல் சிக்காகோவில் செய்த பரிசோதனை ஒன்றில், குழாய்க்குள் அடைபட்ட தோழனை ஓர் எலி கதவு திறந்து விடுவித்ததோடு தனக்குக் கிடைத்த சாக்லேட்டையும் பங்கிட்டுக்கொண்டது. நம் விடுதியில் இத்தகைய பண்பைக் காண்பது அரிது என்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் இந்த வெள்ளை எலி யார்? ஆசியாவின் வட பகுதியில் தோன்றி, பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுதும் பரவிய பழுப்பு எலியின் வழி வந்தது. பிலடெல்பியாவிலுள்ள விஸ்டார் நிலையத்தில் 1906 முதல் பேணப்பட்ட வமிசம்தான் இன்று நம் கூண்டுகளிலும் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக மனிதன் கையில் தின்று வளர்ந்ததால் அதன் உடலே மாறிவிட்டது. சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி, காட்டில் திரியும் இனத்தானைவிட அதற்குச் சிறியது என்று கர்ட் ரிக்டர் அளந்து காட்டினார். அச்சத்திற்கும் போராட்டத்திற்கும் உதவும் சுரப்பியன்றோ அது! புதுப் பொருளொன்றைக் கண்டால் காட்டெலி ஒதுங்கி நிற்கும். வெள்ளை எலியோ ஓடிவந்து முகர்ந்து பார்க்கும். இப்படிப்பட்ட பிராணியை வைத்துக்கொண்டு வயலெலியின் சூழ்ச்சியை எப்படி அறிவது?

தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்தவன் நான். எங்கள் பக்கத்து உழவர் பொதுவாக ‘எலி’ என்று சொல்லி நிறுத்துவதில்லை. வரப்பெலி, புல்லெலி, வெள்ளெலி, சுண்டெலி என்று பிரித்தே சொல்வர். இங்கே வெள்ளெலி என்பது கூண்டிலிருக்கும் வெள்ளை எலியன்று. கரம்பில் வளை தோண்டும் வேறோர் இனம். வரப்பெலியோ நெற்கதிரைக் கத்தரித்து வளைக்குள் சேர்த்து, வாயிலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். துத்தநாக பாஸ்பைடு கலந்த தீனியை வைத்தால் சிறிது கடித்துப் பார்க்கும். சாகாமல் பிழைத்துவிட்டதோ, அந்தத் தீனியின் பக்கமே பிறகு தலைகாட்டாது. அதனால்தான் முதலில் சில நாள் நஞ்சில்லாத தீனியை வைத்துப் பழக்குகிறார்கள். உண்டபின் நோய் கண்டால் அந்தச் சுவையையே எலி வெறுத்துவிடும் என்று 1955-இல் ஜான் கார்சியா ஆராய்ச்சிசாலையில் காட்டியபோது உளவியலார் பலர் எளிதில் நம்பவில்லை. எலிக்கு நஞ்சு வைத்துத் தோற்ற உழவன் எவனும் அதை நம்பியிருப்பான்!

காவிரிப் பாசனத்து வயல்களில் மூங்கிலை வில்லாக வளைத்து நாண் பூட்டிச் செய்யும் பொறி ஒன்றுண்டு. தஞ்சாவூர் கிட்டி என்பது அதன் பெயர். அந்தியில் அதை வைக்கும் ஆள், எலி நடக்கும் தடத்தை மண்ணைப் பார்த்தே சொல்லுவான். செங்கற்பட்டுப் பக்கத்து இருளர் வளை வாயிலில் புகை ஊதி எலி பிடிப்பர். வளையைப் பார்த்து இது எந்த எலி, உள்ளே இருக்கிறதா போய்விட்டதா என்று கூற வல்லவர். நம் பாடநூலில் இவர்கள் பெயர் ஏது?

‘ஊரெலியை அறியாததால் என்ன கெட்டுவிட்டது?’ என்று கேட்பீர்கள். மிசோரத்தைப் பாருங்கள். அங்கே ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒரு முறை மூங்கிற் காடு முழுவதும் ஒருங்கே பூத்துக் காய்க்கிறது. உதிர்ந்த காயைத் தின்று எலிகள் ஓயாமல் குட்டி போட்டுப் பெருகுகின்றன. காய் தீர்ந்ததும் நெல்வயலில் பாய்கின்றன. மிசோ மக்கள் இதற்கு ‘மௌதாம்’ என்று பெயரிட்டு, ஆண்டுக் கணக்கையும் நினைவில் வைத்திருந்தனர். அவர்களுடைய மாவட்டக் கவுன்சில் 1958-இலேயே அசாம் அரசை எச்சரித்து நிவாரணப் பணம் கேட்டது. மலைவாசிகளின் நம்பிக்கை என்று அது தள்ளப்பட்டது. 1959-இல் பஞ்சம் வந்தது. பஞ்ச நிவாரணத்திற்காக எழுந்த அமைப்பே 1961-இல் மிசோ தேசிய முன்னணியாயிற்று. 1966-இல் கிளர்ச்சி வெடித்தது. 1986-இல்தான் உடன்படிக்கை ஏற்பட்டது. எலியே கலகத்திற்கு முழுக் காரணம் என்று நான் சொல்லவில்லை. எச்சரித்தவர் பேச்சை அறிவென்று மதிக்காததைத்தான் சொல்கிறேன். கணக்குப்படியே 2007-இல் மூங்கில் மறுபடி பூத்தது. எலிப் படையும் மறுபடி வந்தது.

நம் நாட்டில் களத்தில் இறங்கியவர்களே இல்லையென்று சொன்னால் அது பொய். ஜோத்பூர் வறண்ட நில ஆராய்ச்சி நிலையத்தில் ஈஸ்வர் பிரகாஷ் பாலைவனத்து எலிகளை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தார். அத்தகையோர் சிலரே என்பதுதான் குறை. வயலெலியைப் பற்றி ஆராய விரும்புவதாக ஓர் ஆசிரியரிடம் சொன்னேன். “ஓராண்டு வரப்பில் சுற்றினால் கட்டுரை ஒன்றுகூடத் தேறாதே, தம்பி!” என்றார். அவர் கூறியதில் உண்மையில்லாமல் இல்லை. வெள்ளை எலியில் மூன்று மாதத்தில் முடிவு கிடைக்கும். வயலுக்கோ அறுவடை ஆண்டுக்கு ஓரிரு முறைதான். எலியும் நம் தேர்வு அட்டவணையைப் பார்த்துக் குட்டி போடுவதில்லை. ஆனால் கட்டுரை தேறுகிற இடத்தில்தான் கேள்வி இருக்க வேண்டும் என்றால், விளக்கு வெளிச்சம் உள்ள இடத்திலேயே தொலைத்த காசைத் தேடியவன் கதையாகுமே!

அறிவியல் படிக்கும் நம் சங்கத் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். பொங்கல் விடுமுறைக்கு ஊர் செல்வோர் பலர். சம்பா அறுவடைக் காலம் அது. கிட்டி வைப்பவரோடு ஒரு காலை நடந்து வாருங்கள். எத்தனை கிட்டியில் எத்தனை எலி, எந்த இனம், ஆணா பெண்ணா, சினையா, வளையில் எவ்வளவு நெல் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் பெயரை அவர் சொல்லும்படியே எழுதுங்கள். கிட்டிக்காரர் பெயரையும் அதே தாளில், அவர் சம்மதித்தால், முதலில் எழுதுங்கள். திரும்பி வந்ததும் நோட்டுகளை என்னிடம் தாருங்கள். அட்டவணை போட்டு அடுத்த இதழுக்குள் முடித்துத் தருகிறேன். மிசோரத்தில் மூங்கில் மீண்டும் பூக்க 2055-ஐ ஒட்டி ஆகும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. சம்பா இந்தத் தை மாதமே அறுவடைக்கு வருகிறது.