ஓடிய கால்களும் வெந்நீரும்

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி ஆகிய ஊர்களின் மைதானங்களை வைகறைப் பொழுதிற் சென்று நோக்குவார்க்கு, இளைஞர் பலர் ஓடிப் பயிலுங் காட்சி புலனாகும். அவருட் காவற்படையிற் சேர விழைவோரும் உளர். இரண்டாம் நிலைக் காவலர் தேர்விலே ஆடவர் 1500 மீட்டரை 7 நிமிடத்துள் ஓடி முடித்தல் வேண்டும். மகனுடைய அந்த ஏழு நிமிடத்தை நம்பியிருக்குங் குடும்பங்களும் உள. ஆதலின், ஓடியபின் கால்களைப் பேணுவது எங்ஙனம் என்னும் வினா அவர்க்குச் சிறு வினாவன்று.

இக்காலத்து இளைஞர் சிலர், கைப்பேசியிற் கண்ட விளையாட்டு வீரரைப் பின்பற்றி, பனிக்கட்டியை விலைக்கு வாங்கித் தொட்டியிலிட்டு அதனுள் அமர்கின்றனர். குளிர்நீர் நோவைத் தணிக்கும் என்பதை யான் மறுக்கவில்லை. ஆயினும், ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், 12 வாரம் பளுப்பயிற்சி செய்து ஒவ்வொரு முறையும் குளிர்நீரில் மூழ்கியவர்க்குத் தசை வளர்ச்சி ஏனையோரினுங் குறைவாயிற்று. 2017-இல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர், களைத்த கைத்தசைகளை வெம்மைப்படுத்தியபோது அவற்றின் ஆற்றல் விரைந்து மீண்டதையும், குளிர்வித்தபோது தாழ்த்து மீண்டதையுங் கண்டனர். சோதிக்கப்பட்டவர் மிகச் சிலரே. எனினும், நம் பாட்டிமார் அடுப்பிலேற்றிய வெந்நீர்த் தவலையை எள்ளி நகையாடுதற்கு இடமில்லை என்பது இவற்றாற் பெறப்படும்.

பயிற்சிக்குப்பின் 24 மணி முதல் 72 மணி வரை மிகும் நோவுக்கு லாக்டிக் அமிலமே காரணம் என்பார் இன்றும் உளர். அவ்வமிலமோ ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நீங்கிவிடும். பழகாத உழைப்பால் தசைநார்களில் நேரும் நுண்ணிய சிதைவே அந்நோவுக்குக் காரணமென்பர். கை பொறுக்கும் சூட்டிலே வெந்நீரிற் பிழிந்த துணியைக் கால் மணி நேரம் ஒற்றினால் குருதியோட்டம் மிகும்; இறுக்கம் தளரும். வறுத்த உப்பைத் துணியில் முடிந்து இடும் ஒத்தடமும் இவ்வகையதே.

ஆனால், நம்மவரிடத்தும் ஒரு தவறான வழக்கம் உண்டு. கணுக்கால் பிசகி வீங்கிய அன்றே, வெந்நீர் வார்த்து, எண்ணெய் தேய்த்து, அழுத்தி உருவிவிடுகின்றனர். உள்ளே குருதி கசியும் வேளையில் வெம்மை வீக்கத்தை வளர்க்கும். முதல் இரண்டு நாளும் காலை உயர்த்தி வைத்துக் குளிர்ந்த ஈரத்துணி இடுவதே தக்கது. ஊன்றி நிற்க இயலாதாயின் மருத்துவரையே நாடல் வேண்டும். வெந்நீரின் முறை அதன்பின்னரே வரும். பனிக்கட்டி மோகத்தினும் இவ்வவசரமே ஓட்டக்காரர்க்குப் பெருந்தீங்கு என்பது என் கருத்து.

சித்திரை வெயிலில் ஓடி உடல் கொதித்து வந்தவனுக்கும் உடனே வெந்நீர் ஆகாது. நிழலிருந்து, நீர் பருகி, உடல் தணிதல் வேண்டும். ஒத்தடத்தை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். அத்திங்களிலோ நம் மாடித் தொட்டிகளின் நீர் பிற்பகலில் அடுப்பின்றியே வெந்நீராய் விடுகின்றது. அதனைக் கால்களில் வார்த்துக்கொள்ள விறகும் வேண்டா, எரிவாயுவும் வேண்டா.