பொய்க் குருதியும் மெய்க் கண்ணீரும்

“அது வெறும் படம்தானே! கொட்டுவது இரத்தமா? சாயம்தானே!” திகில் படங்களையும் கொலை, கொள்ளைப் படங்களையும் விரும்பிப் பார்க்கும் நம் இளைஞர்களிடம் எதைக் கேட்டாலும் வருகின்ற விடை இதுதான். இதற்கு நம் பெரியவர்கள் வைத்திருக்கும் மறுமொழியும் ஒன்றே ஒன்றுதான்: “சினிமாவே கூடாது.” அத்துடன் பேச்சு முடிந்துவிடுகிறது. இளைஞர் கைபேசியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறார். பெரியவர் தஸ்பீஹை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போகிறார். இருவருமே தவறு செய்கின்றனர் என்பது என் கட்சி.

இதைச் சொல்பவன் படம் பார்த்தறியாதவன் அல்லன். ஓதுவதிலும் ஓதிக்கொடுப்பதிலும் காலம் கழித்தவனாயினும், நல்ல திகில் படத்தையும் நல்ல குற்றப் படத்தையும் தேடிப் பார்க்கின்றவன் நான். ரசிகன் என்ற உரிமையோடுதான் ரசிகர்களிடம் வழக்காட வந்திருக்கின்றேன்.

முதலில் பெரியவர்களுக்கு ஒரு சொல். குற்றத்தைக் கதையாகச் சொல்வதே பாவமென்றால், திருமறை ஏன் அதைச் சொல்கிறது? ஆதம் (அலை) அவர்களின் மக்கள் இருவரின் வரலாறு மாயிதா அத்தியாயத்தில் 27 முதல் 31 வரையுள்ள வசனங்களில் வருகின்றது. மனித குலத்தின் முதற்கொலை அது. ஆனால், கொலைச் செயலுக்கு அங்கே கிடைத்திருப்பது அரபியில் ஒரே ஒரு சொல். ஆயுதம் இன்னதென்று இல்லை; எங்கே அடித்தான் என்பதும் இல்லை. கொல்லப்படவிருப்பவரின் பேச்சுக்கும், கொன்றபின் உடலை மறைக்கத் தெரியாமல் காகத்திடம் பாடம் கற்று வருந்தி நின்றவனின் நிலைக்குமே இடம் தரப்பட்டிருக்கிறது.

யூசுஃப் அத்தியாயத்திலோ, சட்டையில் பொய்க் குருதி தடவிக்கொண்டு வருகின்றனர் அண்ணன்மார். அழுதுகொண்டே வருகின்றனர், அந்த அழுகையும் பொய். அங்கே மெய்யானது யஃகூப் (அலை) அவர்களின் துயரம். கண்களின் ஒளியே போய்விடுமளவுக்கு நீண்ட துயரம்.

“சாயம்தானே” என்னும் ரசிகருக்கும் விடை இங்கேயே இருக்கிறது. குருதி பொய்யாக இருக்கலாம். அந்தப் பொய்க் குருதிக்குப் பின்னால் மெய்க் கண்ணீர் ஒரு துளியேனும் உண்டா என்பதே கேள்வி.

1931-இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த ‘எம்’ என்ற படத்தைப் பாருங்கள். பெர்லின் நகரில் குழந்தைகளைக் கொல்கின்ற ஒருவனைப் பற்றியது அது. கொலை ஒன்றுகூட நம் கண்ணுக்குக் காட்டப்படவில்லை. ஒரு தாய் மகளுக்கு உணவுத் தட்டை எடுத்து வைத்துக் காத்திருக்கிறாள். மாடிப்படியில் எட்டிப் பார்த்துப் பெயர் சொல்லி அழைக்கிறாள். தட்டு வெறுமையாகவே கிடக்கிறது. புதரோரத்தில் ஒரு பந்து உருண்டு வந்து நிற்கிறது. பலூன் ஒன்று கம்பிகளில் சிக்கித் தவிக்கிறது. அவ்வளவுதான். ஆயினும், அந்த வெறுந்தட்டை மறக்க எவராலும் இயலாது.

1960-இல் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் எடுத்த ‘சைக்கோ’வை ரசிகர்கள் அனைவரும் அறிவர். குளியலறைக் கொலைக் காட்சி முக்கால் நிமிடமே. 78 கோணங்களில் படமாக்கி, 52 வெட்டுகளால் இணைத்தார்கள். இரத்தமாக ஓடியது சாக்லேட் பாகு. இந்தக் கணக்கையெல்லாம் ஒப்பிக்கும் ரசிகர் ஒன்றை மறந்துவிடுகிறார். அதற்கு முன் ஏறக்குறைய முக்கால் மணி நேரம், 40,000 டாலரைத் திருடிக்கொண்டு ஓடுகின்ற அந்தப் பெண்ணின் மனக்குத்தலோடு நம்மையும் பயணம் செய்ய வைக்கிறார் ஹிட்ச்காக். திரும்பிச் சென்று பணத்தை ஒப்படைப்பது என்று அவள் தீர்மானித்துவிடுகிறாள். தவ்பாவின் வாசலில் கால் வைத்தவள் அந்த இரவிலேயே வெட்டப்படுகிறாள். நம் நெஞ்சு பதறுவதற்குக் காரணம் கத்தியன்று, இதுதான்.

பின்னால் வந்தவர்கள் கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு பெண்ணை விட்டுவிட்டார்கள். 1980-இல் தொடங்கிய ‘ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்’ வரிசையில் 2009-க்குள் 12 படங்கள் வந்தன. 2004-இல் தொடங்கிய ‘சா’ வரிசையில் 2023-க்குள் 10 படங்கள். இவற்றில் மனிதர்கள் வருவது சாவதற்காகவே. “எத்தனை பேர் செத்தார்கள், எந்தப் பொறியில் எப்படிச் சிதைந்தார்கள்” என்பதே ரசிகர்களின் உரையாடல். போர்க்களத்தில் பகைவனின் உடலைக்கூடச் சிதைக்கக் கூடாது என்று தடுத்த நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தைச் சேர்ந்த பிள்ளை, உடல் சிதைவதை ஒப்பிட்டுத் தரம் பிரிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான்!

“நாங்கள் உண்மை வாழ்வைக் காட்டும் படங்களையே பார்க்கிறோம்” என்பார் இன்னொரு சாரார். நல்லது. 2002-இல் வந்த பிரேசில் நாட்டுப் படம் ‘சிட்டி ஆஃப் காட்’, ரியோ டி ஜெனிரோவின் சேரியில் சிறுவர்கள் துப்பாக்கி ஏந்துவதைச் சொல்கிறது. கையிலா, காலிலா, எதில் சுடுவது என்று கேட்கப்பட்டு நடுங்கி அழுகின்ற ஒரு சின்னஞ்சிறுவன் அதில் வருகின்றான். அந்த அழுகையைக் கேட்டவன் துப்பாக்கிக்குக் கைதட்டமாட்டான். அது உண்மை வாழ்வு.

1983-இல் வந்த ‘ஸ்கார்ஃபேஸ்’ படத்திலிருந்தோ, துப்பாக்கி ஏந்திய டோனி மொண்டானாவை மட்டும் வெட்டியெடுத்துச் சட்டையில் அச்சிட்டுக்கொள்கிறார்கள். காரில் மனைவியும் குழந்தைகளும் இருப்பதைக் கண்டு, வெடிகுண்டை இயக்க அவன் மறுக்கின்ற கட்டத்தை எவரும் அச்சிடுவதில்லை. அந்தப் படத்தின் இதயம் துடிக்கின்ற இடம் அதுவன்றோ? கொலையை மட்டும் காட்டி ஜனாஸாவைக் காட்டாத படம் உண்மை வாழ்வைக் காட்டுவதாகாது. பாதியை மறைத்த பொய்ச் சாட்சி அது.

“நான் கண்ணிமைக்காமல் பார்ப்பேன்” என்று பெருமை பேசுவோரும் உளர். அஞ்சியும் பின்வாங்காமல் நிற்பதே வீரம். அஞ்சவும் இரங்கவும் மறந்துபோவது வீரமன்று, நெஞ்சின் இறுக்கம். கல்லிலிருந்துகூட ஆறு பெருக்கெடுப்பதுண்டு என்று கூறி, அதனினும் கடினமான உள்ளங்களைப் பழிக்கின்றது பகரா அத்தியாயத்தின் 74ஆம் வசனம்.

அரபியில் ‘இப்ரத்’ என்றால் படிப்பினை. ‘அப்ரத்’ என்றால் கண்ணீர்த் துளி. இரண்டும் ‘கடந்து செல்லுதல்’ என்னும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. பிறர் துயரத்துக்குள் கடந்து செல்லாதவனுக்குக் கண்ணீரும் இல்லை, படிப்பினையும் இல்லை. நபிமார்களின் வரலாறுகளில் அறிவுடையோர்க்கு ‘இப்ரத்’ இருக்கிறது என்று கூறியே யூசுஃப் அத்தியாயம் முடிகின்றது.

பெற்றோர்களே! நான் பாராட்டிய படங்களும் சிறு பிள்ளைகளுக்கு உரியவை அல்ல; அவர்கள் கையில் இவை எட்டாமல் காப்பது உங்கள் கடமை. ஆனால், வளர்ந்த மகனிடமிருந்து கைபேசியைப் பிடுங்கினால் அவன் வேறொருவனுடைய கைபேசியில் பார்ப்பான். ஆகவே, அவன் அருகில் உட்காருங்கள். படம் முடிந்ததும் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: “இறந்தவரின் பெயர் என்ன? அவருக்காக அழுதவர் யார்?” விடை சொல்வானாயின், அவன் உள்ளம் உயிரோடிருக்கிறது, அதன்மேல் பேச்சைத் தொடரலாம். பெயர் தெரியாமல் எண்ணிக்கையை மட்டும் சொல்வானாயின், கோபப்படாதீர்கள், அஞ்சுங்கள். அந்தப் படத்தைவிட அச்சமூட்டுவது அந்த விடைதான்.